மேட்டுப்பக்க ஸ்பிரிங், பள்ளத்துப்பக்க ஸ்பிரிங்

நுவரெலியாவில் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு திடலில் நானும் மெக்கானிக் பியசேன பாஸும் குந்தியிருந்தோம். என் ஒரு கையில் ஒரு ஸ்பிரிங், மறு கையில் ஒரு ஸ்பிரிங். எதிரே ஒரு நாலு சக்கர மோட்டார் சைக்கிள், முன்கால் இரண்டும் மடங்கிய தவளை மாதிரி, மண்ணில் மூக்கைக் குத்திக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது பந்தயத்தில் ஓட வேண்டும்.

ஒரு ஸ்பிரிங்கில் வெள்ளைப் பெயின்டால் 'மே' என்று எழுதியிருந்தது. மற்றதில் 'ப'. எழுதியவன் நான்தான். மே என்றால் மேட்டுப்பக்கம். ப என்றால் பள்ளத்துப்பக்கம்.

திடலைச் சுற்றிப் பார்த்தேன். ரொட்டி சுடுகிற கல் மாதிரித் தட்டையாகக் கிடந்தது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்ற சின்னத்துரை குனிந்து கேட்டார்.

"ராசு, மேடு என்பது இடமா, வலமா?"

நானும் பியசேன பாஸும் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டோம்.

"ஏறும்போதா, எறங்கும்போதா தொரை?"

பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டு உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அன்றைக்கு எனக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்வதற்கு முன்னால் அந்தத் தவளை எங்கள் தோட்டத்துக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

இரண்டு உடம்பு, ஒரு உயிர்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்த நான், தோட்டத்துக் கராஜில் வேலை செய்துகொண்டிருந்தேன். கராஜ் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். நாங்கள் ஸ்டோரு என்று சொல்கிற தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் நாலு தகரம், ஒரு வெல்டிங் மெஷின், ஒரு கோழிக்கூடு. கோழிகள் பியசேன பாஸுடையவை.

கைவேலை தெரிந்த ஆளை எங்கள் பக்கத்தில் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம். பியசேன பாஸ் பக்கத்துச் சிங்களக் கிராமத்து மனிதர். என்னை மல்லி, அதாவது தம்பி, என்பார். நாங்கள் இருவரும் ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போனது கிடையாது. ஒரே பீடிக்கட்டில் இழுப்போம், ஒரே கேத்தலில் தேத்தண்ணி குடிப்போம், நாள் முழுக்கச் சண்டை பிடிப்போம்.

சின்னத்துரை கொழும்பிலிருந்து புதிதாக வந்தவர். உதவி மேனேஜர். வேலைக்காகப் புத்தகம் வாங்கித் தமிழ் படித்தவர் என்பதால் வானொலிச் செய்தி மாதிரிப் பேசுவார். மழை வந்தால் "மழை பொழிகின்றது, அனைவரும் ஒதுங்குங்கள்" என்பார். பெண்கள் கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டு அந்தத் தமிழைக் கேட்பார்கள். அதற்குள் எல்லாரும் நனைந்துவிடுவார்கள்.

அவருக்குப் பந்தயப் பைத்தியம். ஒரு நாள் லொறியில் இரண்டு பழைய நாலு சக்கர மோட்டார் சைக்கிள்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஒன்றுக்கு எஞ்சின் நல்லது. மற்றதற்கு எஞ்சின் செத்துப்போய்விட்டது, ஆனால் முன்பக்கம் புதுசு போல இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு வண்டி செய்து, சித்திரை சீசனில் நுவரெலியாவில் நடக்கிற பந்தயத்தில் ஓட்ட வேண்டும் என்றார். முன்சக்கரங்களை அகட்டிக்கொண்டு அவை நின்ற தோரணையைப் பார்த்து எங்கள் ஆட்கள் முதல் நாளே 'தவளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பெரியதுரை, அதாவது மேனேஜர், ஒரே வார்த்தைதான் சொன்னார். பந்தயத்தில் மானம் காப்பாற்றினால் தவளை தோட்டத்திலேயே இருக்கலாம், பெற்றோலும் தருகிறேன். இல்லையென்றால் சித்திரை முடிவதற்குள் விற்றுவிட வேண்டும்.

சின்னத்துரைக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. சரோஜா அப்போது ஏழு மாதம்.

மடுவம் என்கிற மனிதன்

சரோஜா என் மனைவி. நாங்கள் இருந்த லயம், அதாவது வரிசை வீடு, தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், மலையின் உச்சிப் பக்கம். பெரிய ரோடும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வேனும் கீழே ஸ்டோரடியில். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும் ஒரு மண்ரோடு. வேன் ஏறாது. கொழுந்து ஏற்றுகிற டிராக்டர் மட்டும் ஏறும். பிள்ளை வலி வந்தவர்களும் அந்த டிராக்டர் பெட்டியில், கொழுந்துச் சாக்குகளுக்கு மேலே உட்கார்ந்துதான் வர வேண்டும்.

அந்த டிராக்டரிலும் பெட்டியிலும் ஸ்பிரிங் என்பதே கிடையாது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஒரே இரும்பு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறு சக்கரம் குனியும். ஏறிய அடி அப்படியே உட்கார்ந்திருப்பவர் முதுகெலும்புக்குப் போகும்.

அந்தக் குலுக்கலில் பாதி வழியில் பிறந்தவர்கள் எங்கள் தோட்டத்தில் உண்டு. கொழுந்து நிறுக்கிற கொட்டகையை நாங்கள் மடுவம் என்போம். அங்கே டிராக்டர் நின்ற நேரத்தில் ஒரு பையன் பிறந்தான். அவனுக்கு அப்பா அம்மா வைத்தது அழகான பெயர். ஆனால் பிறந்த அன்றைக்கே தோட்டம் முழுக்க 'மடுவத்துல பொறந்தவன்' என்றது, பிறகு 'மடுவத்தான்' என்றது, கடைசியில் வெறும் மடுவம். அவன் வளர்ந்து, மீசை வைத்து, கல்யாணமும் கட்டிவிட்டான். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கியில் மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னபோது, யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து எங்கள் ஆட்கள் பாதிப் பேர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்கள்.

சரோஜா அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க. அந்த டிராக்டர்ல நான் ஏற மாட்டேன். வழியில அஞ்சாம் நம்பர் மலையில பொறந்துச்சுன்னா, எம் புள்ளைய ஆயுசுக்கும் அஞ்சாம் நம்பர்னு கூப்பிடுவாங்க."

ஒவ்வொரு தேயிலைத் துண்டையும் நம்பர் போட்டு மலை என்போம். அவள் பெயரைப் பற்றித்தான் பேசினாள். ஆனால் அதற்கு முந்தின வருடம் அதே ரோட்டில் அவளுடைய சித்தி மகளுக்குப் பிள்ளை தங்காமல் போனது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"தவளையில வாறியா?" என்று கேட்டேன்.

"எந்தத் தவளையில? ஒத்தக் கையா, ரெட்டக் கையா?"

சண்டை அவள் காதுவரை போயிருந்தது.

ஒற்றைக் கையா, இரட்டைக் கையா

அந்தச் சண்டையை உங்களுக்கும் விளக்கிவிடுகிறேன். புத்தகத்தை, சரி, இந்தப் பத்திரிகையைக் கீழே வையுங்கள்.

வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். வண்டியை நிறுத்துகிற பொலிஸ்காரர் மாதிரி உள்ளங்கையை வெளியே காட்டி, விரல்களை வானத்தைப் பார்க்க வையுங்கள். உங்கள் கைதான் வண்டியின் கை, சக்கரத்தை வண்டியோடு பிடிக்கிற இரும்பு. உள்ளங்கைதான் சக்கரம். இப்போது மணிக்கட்டை அசைக்காமல் கையை மட்டும் தோளிலிருந்து உயர்த்துங்கள். விரல்கள் உங்கள் தலைப் பக்கம் சாய்கின்றன அல்லவா? ஒற்றைக் கை வண்டியின் சக்கரமும் கல்லில் ஏறும்போது அப்படித்தான் சாயும். கீழே ஒரு கை, மேலே கைக்குப் பதிலாக ஸ்பிரிங் சுற்றிய ஷொக் அப்சோபர் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் உங்கள் உள்ளங்கை அளவுக்குச் சாயாது. ஆனாலும் சாயும். சாய்ந்தால் டயரின் ஓரம்தான் தரையைத் தொடும். பிடிமானம் போய்விடும்.

இரட்டைக் கை ஊஞ்சல் மாதிரி. பலகையின் இரண்டு நுனியிலும் இரண்டு கயிறு. ஊஞ்சலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பலகை போகும், வரும், ஆனால் சாயாது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் சக்கரம். ஸ்பிரிங் சுற்றிய ஷொக் இதிலும் பக்கத்துக்கு ஒன்று உண்டு. ஏறினாலும் இறங்கினாலும் அநேகமாக நிமிர்ந்தே நிற்கும்.

எஞ்சின் நன்றாக இருந்த வண்டிக்கு ஒற்றைக் கை. செத்த வண்டிக்கு இரட்டைக் கை. எந்த முன்பக்கத்தை வைத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி.

நான் இரட்டைக் கை என்றேன். அதனால் பாஸ் ஒற்றைக் கை என்றார்.

"மல்லி, ஒரு கைன்னா ஒடைஞ்சா ஒண்ணு ஒடையும். ரெண்டு கைன்னா ரெண்டும் ஒடையும். அதுக்கு ரப்பர் புஷ் எங்க வாங்குறது? சேறு போனா எப்படிக் கழுவுறது?"

அதில் நியாயம் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"வீட்டில ஒரு ஆள் சமைச்சா சமையல். ரெண்டு ஆள் சமைச்சா சண்டை. கையும் அப்படித்தான்."

மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த சரோஜா, "பாஸ் வீட்ல யாரு சமைக்கிறது?" என்று கேட்டாள்.

பாஸ் ஸ்பேனரைத் துடைத்தார். "நான்தான்" என்றார்.

வாளிப் பரீட்சை

வழி கண்டுபிடித்ததும் அவள்தான்.

"வாளியில தண்ணி ஊத்தி முன்னால கட்டுங்க. மேல இருந்து ஸ்டோரு வரைக்கும் ஓட்டுங்க. எது கம்மியாச் சிந்துதோ அதுல நான் வாறேன். வயித்துக்குள்ள இருக்கதும் தண்ணிதானே."

சின்னத்துரைக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. "இது விஞ்ஞானம்" என்றார். எங்கள் வீட்டு நீல வாளியில் கரியால் ஒரு கோடு போட்டு, கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி, சாக்குக் கயிற்றால் முன் கேரியரில் கட்டினோம்.

முதலில் ஒற்றைக் கை. சின்னத்துரை ஸ்டோரடிக்கு வந்து சேர்ந்தபோது வாளியில் அடித்தண்ணீர்தான் மிச்சம். மற்றதெல்லாம் அவருடைய காற்சட்டையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஸ்டோருக்குக் கொழுந்து கொண்டுவந்த பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். "தொரை பயந்துட்டாரு போல" என்று ஒருத்தி சொன்னது புத்தகத் தமிழ் இல்லைதான், ஆனாலும் அவருக்கு விளங்கிவிட்டது.

பிறகு ஒரு வாரம் வெட்டி, ஒட்டி, இரட்டைக் கையை மாட்டினோம். ஓட்டினோம். வாளியில் முக்கால் பங்கு தண்ணீர்.

"தண்ணி வேற தண்ணி" என்றார் பாஸ். "முந்தி எடுத்தது மலையில ஊறுற பீலித் தண்ணி. இது பைப் தண்ணி."

மீதிக் கால் பங்கு எங்கே போகிறது என்று பார்த்தேன். எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சிந்தியது. பள்ளத்துப்பக்கம். எங்கள் ரோடு மலையைச் சுற்றி வெட்டிய ரோடு. மழையில் கரைந்து கரைந்து அது முழுக்கப் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். வண்டியின் பாரமும் அந்தப் பக்கமே விழும். ஆகவே பள்ளத்துப்பக்க ஸ்பிரிங்கின் வளையத்தைத் திருகி இறுக்கினேன். மேட்டுப்பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன். திரும்ப ஓட்டினோம். கரிக்கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது தண்ணீர்.

சரோஜா வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "ம், இது சரி" என்றாள். எனக்கு ஒரு பெரிய பட்டம் கிடைத்தது போல இருந்தது. மாறிவிடக்கூடாது என்று அன்றே பெயின்ட் எடுத்து மே, ப என்று எழுதினேன்.

இடமும் வலமும் இல்லாத ஊர்

"ஏன் ஐயா, இடது வலது என்று எழுதியிருக்கலாமே" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

மலையில் பிறந்தவர்களுக்கு இடதும் வலதும் பள்ளிக்கூடத்துப் பாடம். வீட்டில் கிடையாது. மேட்டுச் சுவரில் சாமி படம், பள்ளத்துச் சுவரில் கண்ணாடி. மேட்டுப்பக்கம் நகர்ந்து உட்காரு, பள்ளத்துப்பக்கச் செருப்பு அறுந்துபோச்சு. இப்படித்தான் பேச்சு.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். மலையே இல்லாத ஊர்க்காரர். முதல் நாள் "எல்லாரும் வலது கையைத் தூக்குங்கோ" என்றார். நாங்கள் நாற்பது பேரும் முதலில் ஜன்னல் வழியாக மலை எந்தப் பக்கம் என்று பார்த்தோம்.

"ஏனடா எல்லாரும் யன்னலைப் பாக்கிறியள்?"

"மேடு எங்கனு பாக்குறோம் சார்."

பாவம், அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து அவரே கரும்பலகையின் 'மேட்டு மூலையில்' திகதி எழுத ஆரம்பித்தார்.

மலையைக் கேட்டு மாட்டியது

இப்போது திடலுக்கு வருவோம்.

லொறியில் தவளையை ஏற்றியபோது அதன் ஹேண்டில் மேற்கம்பியில் இடித்தது. முன்பக்கத்தைத் தாழ்த்துவதற்காகப் பாஸ் இரண்டு ஷொக்கையும் கழற்றி, சாக்கில் போட்டுக்கொண்டார். தோட்டத்தில் கழற்றும்போது எல்லாம் தெளிவாக இருந்தது. மலை பக்கத்திலேயே நின்றது.

திடலில் இறக்கி மாட்டப் போனால், எந்தப் பக்கம் எது?

"எறங்கும்போது மேடு இந்தப் பக்கம்" என்று இடது கையைக் காட்டினேன்.

"ஏறும்போது இந்தப் பக்கம்" என்று பாஸ் வலது கையைக் காட்டினார்.

"பந்தயத்தில் நாம் ஏறுகின்றோமா, இறங்குகின்றோமா?" என்றார் சின்னத்துரை.

வளையத்தைத் திருகி இரண்டையும் சமமாக்கிவிடலாம் என்றால், அதற்கான சாவி தோட்டத்தில், கோழிக்கூட்டுக்கு மேலே இருந்தது. பக்கத்தில் மற்ற வண்டிகள் உறும ஆரம்பித்தன. பெரியதுரை தன் நண்பர்களோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வண்டி தெரியவில்லை. டிராக்டர் பெட்டியில் சாக்குமேல் உட்கார்ந்திருக்கிற சரோஜாதான் தெரிந்தாள்.

அப்போது நிமிர்ந்து பார்த்தேன். தவளை நின்ற நிலையில் அதன் வலப்பக்கம், பனியை விலக்கிக்கொண்டு, பீதுருதலாகல மலை நின்றது. இலங்கையிலேயே உயரமான மலை. அதைவிட மேடு இனி எங்கே இருக்கிறது?

"பாஸ், மேடு அந்தா."

பாஸ் இடப்பக்கம் திரும்பினார். ஏரி மின்னியது. "ஹரி, சரிதான் மல்லி. தண்ணி அந்தப் பக்கம். தண்ணி இருக்கிறது பள்ளம்தானே."

எங்கள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம். அந்த அதிர்ச்சியில் வேறெதையும் யோசிக்கவில்லை. மே வலப்பக்கம், ப இடப்பக்கம். மாட்டிவிட்டோம்.

கொடி இறங்கியது. தவளை பாய்ந்தது. பாயும்போதே வலது தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாய்ந்தது, ஒரு கையில் மட்டும் சந்தைப் பையைச் சுமக்கிற ஆள் மாதிரி.

அந்தப் பாதையில் ஒரே ஒரு வலது வளைவு. அதில் தவளை மூன்று வண்டிகளை முந்தியது. நானும் பாஸும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். மற்ற வளைவெல்லாம் இடது. இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கம் விழும் அல்லவா, அங்கேதான் நாங்கள் தளர்ந்த ஸ்பிரிங்கை மாட்டியிருந்தோம். ஒவ்வொரு வளைவிலும் தவளை வலது முழங்காலை மடக்கித் தரையைக் கும்பிட்டது. முந்திய மூன்று வண்டிகளும் திரும்பி முந்தின. பிறகு மற்றவையும். ஒலிபெருக்கிக்காரர் "அந்தத் தூங்கி வழியும் வண்டி" என்றார். சனம் சிரித்தது. பெரியதுரையின் நண்பர்கள் சிரித்தார்கள். பெரியதுரை சிரிக்கவில்லை.

கடைசியாக வந்தோம். ஜெயித்தவர் அதற்குள் மாலையோடு வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிற்பாடு யோசித்துப் பார்த்தால், மாற்றி மாட்டியிருந்தால் அத்தனை இடது வளைவுகளுக்கும் இறுகிய ஸ்பிரிங் சரியான இடத்தில் இருந்திருக்கும். இலங்கையின் உயரமான மலையைக் கேட்டோம். அதற்கு எங்கள் ரோடு தெரியாது.

"விற்றுவிடு" என்றார் பெரியதுரை.

வாங்க வந்தவர்

அன்று மாலை சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த வாரமே ஓர் ஆள் வந்தார். ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களுக்கு இப்படிப்பட்ட வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர். பந்தயத்தைப் பார்க்காதவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

ஸ்டோருக்கு முன்னால் இருக்கிற முற்றம்தான் எங்கள் தோட்டத்தில் மட்டமான ஒரே இடம். அதில் ஒரு சுற்று ஓட்டினார். தவளை வலது தோளைத் தொங்கப் போட்டது. இறங்கி, சுற்றி வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏன் இது சாய்ஞ்சு நிக்குது?"

பாஸ் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"ஸ்பிரிங் மாறிப்போச்சு மாத்தயா. நாங்க பீதுருதலாகல மலையப் பாத்து மாட்டிட்டம்."

"எதைப் பாத்து?"

"மலைய. இந்தப் பக்கம் மலை இருந்துச்சு. அந்தப் பக்கம் ஏரி."

வந்தவர் பாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். கடைசியாகச் சின்னத்துரையைப் பார்த்தார்.

"உண்மைதான்" என்றார் சின்னத்துரை. "நானும் அவ்விடத்தில் இருந்தேன்."

அந்த மனிதர் எங்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து போய்த் தன் வேனில் ஏறிக்கொண்டார். நுவரெலியாவில் அவர் என்ன சொன்னாரோ, அதற்குப் பிறகு ஒருத்தரும் வாங்க வரவில்லை. வாங்க ஆள் இல்லாத வண்டியைப் பெரியதுரை என்ன செய்வார்? "எங்கேயாவது ஒரு மூலையில் போடுங்கள், என் கண்ணில் படக்கூடாது" என்றார்.

அவர் கண்ணில் படாத மூலை மேல்கணக்குதான். அங்கேயே கொண்டுபோய் விட்டோம். எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி ஸ்பிரிங்கை மாற்றி மாட்ட ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மலை அங்கேயே நின்றது. சரோஜா வாளியை நிமிர்த்தினாள்.

பெரட்டு நேரம்

ஒரு நாள் காலை. பெரட்டுக்கு ஆட்கள் கூடி, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பிரித்துக்கொண்டிருந்த நேரம். லயத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"சரோஜாவுக்கு வலி வந்திருச்சு. வாளியக் கொண்டாரச் சொல்லுது."

பெரட்டில் நின்ற சின்னத்துரைக்கும் அது கேட்டது. என்னைவிட வேகமாக ஓடியவர் அவர். நான் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஹெல்மெட்டோடு தவளைமேல் உட்கார்ந்திருந்தார். பந்தய நம்பர் எழுதிய மட்டை இன்னும் முன்னால் தொங்கியது.

சரோஜா தலையணை போட்டுப் பின்னால் ஏறினாள். ஏறுமுன் வாளியை முன்னால் கட்டச் சொன்னாள். கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றச் சொன்னாள்.

"இப்ப எதுக்குடீ வாளி?"

"சிந்துச்சுன்னா எறங்கிருவேன். தொரை, கேட்டுச்சா?"

"கேட்டது அம்மா" என்றார் சின்னத்துரை. ஹெல்மெட் வாரை இன்னொரு தடவை இறுக்கினார்.

பந்தயக்காரர் அன்றைக்கு நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பள்ளத்துப்பக்கம் நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வலி வரும்போது அவள் என் கையை நெரிப்பாள். ஆனால் கண் மட்டும் சின்னத்துரையின் தோளுக்கு மேலாக அந்த வாளியில்தான். ஒவ்வொரு கல்லிலும் தவளை முன்காலை மடக்கி நீட்டியது. தண்ணீர் விளிம்புவரை வந்து, எட்டிப் பார்த்து, திரும்பிப் போனது.

அஞ்சாம் நம்பர் மலை வந்தது. பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள். சரோஜா பல்லைக் கடித்துக்கொண்டு, "நிக்காம போங்க" என்றாள். அஞ்சாம் நம்பர் போனது. மடுவம் வந்தது. மடுவத்து வாசலில் மடுவமே நின்றுகொண்டிருந்தான். கையெடுத்துக் கும்பிட்டான். மடுவமும் போனது.

முன்னாலேயே ஆள் ஓடிச் சொல்லியிருந்ததால், ஸ்டோரடியில் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாஸ் நின்றார். தவளை நின்றதும் ஓடிவந்து நேராக வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மல்லி, கோட்டிலயே நிக்குது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "கை ரெண்டுதான் சரி."

"என்னா பாஸ், தண்ணியவே பாக்குறீங்க" என்றாள் சரோஜா. "கொஞ்சம் என்னையும் பாருங்க."

உச்சி வெயிலுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில், கட்டிலில், முறையாகப் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். யாரும் அவளை அஞ்சாம் நம்பர் என்று கூப்பிட முடியாது. அந்தச் சந்தோஷத்தில் சரோஜா மூன்று நாள் யோசித்து, தோட்டத்தில் யாருக்கும் இல்லாத ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் தோட்டத்துக்குத் திரும்பியபோது ஸ்டோரடியில் பெரிய கூட்டம். முன்னால் நின்ற பாட்டையா ஒருவர் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வாளி வந்திருச்சு."

அவளுக்கு இப்போது பெரிய வேலை. கொழும்பில் இருக்கிறாள். அவளுடைய நிஜப் பெயரை இந்தத் தொடரில் எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். எழுதினாலும் எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் யாரென்று விளங்கப்போவதில்லை.